மக்னோலியாவில் பூத்த தாமரை

சென்ற மாதம் எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த சிலர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். பூங்காக்களைப் பராமரிக்கும் வேலையை ஒப்பந்த நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் பழைய ஆட்களின் அனுபவத்தைப் பதிவு செய்து வைக்கச் சொல்லி உத்தரவாம். வேலையைப் பிடுங்குவதற்கு முன் அனுபவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது எங்கள் துறையின் மரியாதை. வந்தவர்களில் ஒரு பெண், கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்க மரங்களோட பேசுவீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மேலதிகாரிங்களோட பேசறதுக்கே எனக்கு சர்வீஸ் பத்தல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்தால் துறையின் சிறப்பு மலரில் போடுவதாகச் சொன்னாள். எழுதுகிறேன். போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

விவசாய டிப்ளமோ முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவள் நான். முதல் சில வருடங்கள் நாற்றங்காலில் கழிந்தன. மண்ணையும் எருவையும் கலந்து பிளாஸ்டிக் பையில் அடைத்ததையும், கொடிநாள், சுதந்திர நாள் என்றால் மேடைக்குத் தொட்டிச்செடிகளை அனுப்பிவிட்டு, பாதி இலையோடு அவை திரும்பி வந்ததையும் தவிர அந்த வருடங்களில் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஆளைத் தவிர. அப்போது நாற்றங்காலுக்குப் பொறுப்பாக இருந்தவர் தெய்வசிகாமணி. குரோட்டன்ஸ் செடிகளை வகை வாரியாக அடுக்கியிருந்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல உயர வாரியாக அடுக்கச் சொன்னார். அடுக்கினோம். அடுத்த மாதம் குட்டைச் செடிகள் நெட்டைச் செடிகளைவிட வளர்ந்து நின்றன. "யாரு இத கலைச்சது?" என்று கேட்டார். செடிகளே கலைத்துக்கொண்டன என்று சொன்னேன். என்னை அவர் மறக்காமல் இருந்ததற்கு அந்தப் பதில்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆனபோது அவர் துணை இயக்குநர். நான் தோட்ட அலுவலர். என் பொறுப்பில் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர் காலத்துப் பங்களா ஒன்று வந்தது. அரசு அதை விருந்தினர் மாளிகையாக வைத்திருந்தது. அதன் முற்றத்தில்தான் அந்த மக்னோலியா நின்றது.

மக்னோலியா என்றால் நம் செண்பகத்துக்குப் பங்காளி. குளிர்ச்சியை விரும்புகிற மரம். பெங்களூரில் வரும், மலைப்பக்கம் வரும். புதுச்சேரியின் உப்புக்காற்றில் அது மாடி உயரத்துக்கு வளர்ந்து நின்றதே அதிசயம். எந்தத் துரை கொண்டுவந்து நட்டானோ, இடம் பார்த்து நட்டிருந்தான். கிழக்கே பங்களாச் சுவர் கடல் காற்றை மறித்தது. பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு. அடியில் வருடக்கணக்காக விழுந்த இலைகள் மக்கி மக்கி, கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கும். இலை மேலே பளபளவென்று பச்சை, திருப்பினால் பூனைக்குட்டி வயிறுபோலப் பழுப்பு ரோமம். கோடையில் பூக்கும். ஒரு பூ ஒரு சோற்றுத்தட்டு அகலம், வெள்ளை. எலுமிச்சம்பழத் தோலைக் கிள்ளினால் வருகிற மணம் முற்றம் முழுக்க நிற்கும். நான் பொறுப்பேற்ற கோடையிலும் அதற்கடுத்த கோடையிலும் அது நன்றாகவே பூத்தது.

அங்கே தோட்டக்காரர் கலியமூர்த்தி. வைத்திக்குப்பத்து ஆள். கட்டுமரத்தில் ஏறினாலே வாந்தி எடுப்பார் என்பதால் அவர் அப்பா யார் யார் காலிலோ விழுந்து அரசு வேலை வாங்கிக் கொடுத்தாராம். அந்தப் பூவுக்கு அவர் வைத்த பெயர் மரத்தாமரை. எல்லா நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து இருந்தது.

"மீன் கழுவுன தண்ணி ஊத்துனா சும்மா கும்முனு வரும் மேடம். எங்கூட்டு முருங்கைய வந்து பாருங்க."

"உப்பு ஏறிடும் கலியமூர்த்தி. இது முருங்கை இல்ல."

"மரம்தான மேடம்?"

வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு நடக்கும். நான் லீவு போட்ட நாட்களில் முற்றத்தில் நெத்திலி வாடை அடித்ததாக வாட்ச்மேன் சொல்வான்.

இப்போது தெய்வசிகாமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியவரில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். ரொம்பக் கோபம் என்றால் நாம் குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கையில் எப்போதும் மடித்த கைக்குட்டை இருக்கும். இலையைத் தொடுவதென்றாலும் அதன் வழியாகத்தான் தொடுவார். எந்த வேலையும் அவருக்கு வேலை அல்ல, 'புரொபோசல்'. மழை பெய்தால்கூட யாருடைய புரொபோசல் என்று விசாரிப்பார் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வோம்.

ஒருநாள் பங்களாவுக்கு வந்தவர் மரத்தடி இலைகளைப் பார்த்து நின்றுவிட்டார். மக்னோலியா இலை வருடம் முழுக்க உதிரும். காய்ந்தால் அப்பளம்போல நொறுங்கும். ஷூவுக்கடியில் நொறுங்கிய சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா விஜயா, குப்பைய இப்படியா வெச்சிருப்பாங்க?"

"குப்பை இல்ல சார். மரத்துக்கு அதான் சாப்பாடு."

கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "சாப்பாடுன்னா தட்டுல இருக்கணும்மா. தரையில இருந்தா அதுக்குப் பேரு எச்சில்."

அந்த வருடமே முற்றத்தை அழகுபடுத்தும் புரொபோசல் வந்தது. மெத்தைபோல இருந்த மண்ணை மண்வெட்டியால் வழித்து லாரியில் ஏற்றினார்கள். மக்னோலியாவின் வேர் கீழே போகாது. ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே, சதைப்பற்றாக, கிளை பரந்த அளவுக்கும் அதற்கு அப்பாலும் பரவிக் கிடக்கும். லாரியில் மண்ணோடு பாதி வேரும் போனது. மிச்சத்தின் மேல் சிமென்ட் கலவை போட்டு, அதன்மேல் சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் கல் பதித்தார்கள், அடிமரத்தை ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாதபடி. மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்து, நடுவில் காவிப் பட்டை. கிணற்றை மூடி அதன்மேல் ஒரு சிமென்ட் கொக்கை நிறுத்தினார்கள். கொக்கின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும், போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணீர். சுவரில் கல்வெட்டு. அதில் திறந்துவைத்தவர் பெயருக்குக் கீழே தெய்வசிகாமணியின் பெயர். மரத்தின் பெயர் எங்கும் இல்லை.

நான் எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தேன். "உன் கருத்தைக் கல்லுக்கு அடியில போட்டுடலாம்மா" என்று அவர் சொல்லவில்லை. ஆனால் செய்தது அதைத்தான்.

அடுத்த கோடையில் இலைகள் மஞ்சளித்தன. நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சள். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் இரும்புச்சத்து இருந்தும் மரத்தால் எடுத்துக்கொள்ள முடியாது. பந்திக்கு நடுவே உட்காரவைத்துக் கையைக் கட்டிவிட்ட மாதிரி. மொட்டுகள் வந்தன, விரியாமல் பழுத்து விழுந்தன. உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து இறங்கின.

மரத்தைப் பார்க்க ஒரு குழு போட்டார்கள். மூன்று பேர். ஒருவர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்துப் புழு என்றார். இன்னொருவர் வயதாகிவிட்டது என்றார். மூன்றாமவர் மரத்தைப் பார்க்கவே இல்லை. முற்றத்தை நடையால் அளந்து, மரம் இல்லையென்றால் இங்கே கார்கள் நிறுத்த ஷெட் போடலாம் என்றார். மூன்று கருத்தில் நடைமுறைக்கு ஏற்றது எதுவோ அதைக் குழு ஏற்றுக்கொண்டது. வெட்ட உத்தரவானது.

அந்த நேரத்தில்தான் பிரான்சிலிருந்து ஒரு குழு வருவதாகச் செய்தி வந்தது. அங்குள்ள ஒரு சிற்றூரின் நகராட்சி உறுப்பினர்கள். அவர்களில் மதாம் ரொசாலி என்ற வயதான அம்மா சிறு வயதில் அந்தப் பங்களாவில் இருந்தவராம். முற்றத்து மக்னோலியாவைப் பூவோடு பார்க்க ஆசைப்படுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். வெட்டுவதை அவர் போன மறுவாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

தெய்வசிகாமணி என்னை அழைத்தார். குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குக் குரல் இறங்கியிருந்தது.

"ஏம்மா, அன்னிக்கு மரம் பூக்கணும்."

"பூக்காது சார். மொட்டே நிக்கல."

"முடியாதுன்னு சொல்றது சுலபம்மா. எப்படிப் பூக்க வைக்கலாம்னு பாசிட்டிவா யோசி."

நான் யோசித்தேன், எதுவும் வரவில்லை. கலியமூர்த்திக்கு வந்துவிட்டது. மரத்தாமரை என்று அவர் வைத்த பெயர் துணை இயக்குநரின் காதுக்கு எப்படியோ போயிருந்தது. குழு வருகிற காலை பெரிய மார்க்கெட்டுக்கு ஆட்டோ போனது, ஒரு கூடை நிறைய வெள்ளைத் தாமரை வந்தது. பூக்காரிகள் செய்வதுபோல இதழை ஒவ்வொன்றாக உள்பக்கம் மடித்து விரியவைத்து, கலியமூர்த்தி ஏணியில் ஏறிக் கிளை நுனிகளில் பச்சை நூலால் கட்டினார். கீழிருந்து தெய்வசிகாமணி, "லெஃப்ட்ல ஒண்ணு கம்மியா இருக்கு பாரு" என்று கைக்குட்டையால் சுட்டிக் காட்டினார். உண்மையைச் சொன்னால், தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இட்ட கட்டளை, மரத்தடியில் நின்று தாவரவியல் பெயரைச் சொல்ல வேண்டும், வேறெதுவும் சொல்லக் கூடாது.

மதாம் ரொசாலி வந்தார். குள்ளமான, கறுத்த, சுறுசுறுப்பான அம்மா. பூப்போட்ட கவுன், வெயிலுக்கு ஒரு தொப்பி, கையில் தடி. தெய்வசிகாமணி குனிந்து, "போன்ழூர் மதாம்!" என்று ஆரம்பித்து, மனப்பாடம் செய்திருந்த பிரெஞ்சில் மேலும் இரண்டு வாக்கியம் சொன்னார்.

"தமிழ்லயே பேசு தம்பி. ஒனக்கும் செரமம், எனக்கும் செரமம்" என்றார் அந்த அம்மா. "எங்கப்பா இந்தூட்டுல குசினிக்காரரு. இந்த மரத்தடியில குந்திக்கினுதான் நான் வெங்காயம் உரிச்சேன்."

சீமாட்டி ஒருத்தியை எதிர்பார்த்து மாலையோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சமையல்காரர் மகளுக்கு இந்த அளவு மாலை தேவையா என்று சிலர் முகத்தில் ஓடியது.

மதாம் தொப்பியைப் பின்னால் தள்ளி அண்ணாந்து பார்த்தார். வெயில் ஏறியிருந்தது. தாமரைகள் தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தன.

"ஏந்தம்பி, எந்த ஊர்ல மரத்துல தாமரை பூக்குது?"

தெய்வசிகாமணி அசரவில்லை. "இது புது ஹைபிரிட் மதாம்."

அவர் சொல்லி முடிக்கவும் ஹைபிரிட் ஒன்று கிளையிலிருந்து நழுவி, நூலில் தலைகீழாகத் தொங்கி, மெதுவாகச் சுழன்றது. மதாம் தடி நுனியால் அதை நிறுத்திப் பார்த்தார்.

"நூலு கலரு பொருத்தமா இருக்கே. யாரு வாங்கியாந்தது?"

"நான்தான் மதாம்!" என்றார் கலியமூர்த்தி பின்னாலிருந்து, பெருமை தாங்காமல்.

மதாம் சிரித்தார். தெய்வசிகாமணி கைக்குட்டையைத் தேடினார். பிறகு அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. தடியால் இன்டர்லாக் கல்லை டொக்கென்று தட்டினார்.

"இங்க மண்ணு இருந்துச்சே. எங்க அது?" அவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா?"

"தோட்ட அலுவலருங்க."

"மரம் ஏன் பூக்கல?"

தெய்வசிகாமணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். தாவரவியல் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் மறுவாரம் கோடாலி வருகிறது என்பது எனக்கு மட்டுமல்ல, அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், அந்த அம்மா ஒருவரைத் தவிர. அது பொறுக்கவில்லை.

"மூச்சு முட்டுதுங்க. வேர் மேல சிமென்ட் போட்டுட்டோம். மேல்மண்ண வாரிக் கொட்டிட்டோம். குடிக்கக் குடுக்கறது உப்புத்தண்ணி. அடுத்த வாரம் வெட்டப் போறாங்க."

படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கூடக் கேமராவை இறக்கிவிட்டார். மதாம் ரொசாலி மரத்தில் கை வைத்தார். கையெல்லாம் சுண்ணாம்பு. அதைத் தெய்வசிகாமணிக்கு நேராக நீட்டிக் காட்டினார்.

தெய்வசிகாமணியின் திறமையை நான் அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான். "இதத்தான் மதாம் நானும் சொல்ல வந்தேன்" என்றார் கனிவாக. "வெட்டுறதாவது! கல்லையெல்லாம் எடுத்துட்டு மரத்தக் காப்பாத்தறதுக்கு எங்கிட்ட புரொபோசல் ரெடியா இருக்கு. விஜயா மேடம்தான் அதுக்கு இன்சார்ஜ்."

"அப்ப அடுத்த வருசம் நான் வந்து பாக்குறேன்" என்றார் மதாம். அதை அவர் வாழ்த்துபோலச் சொல்லவில்லை.

மறுநாள் தெய்வசிகாமணி தன் அறையில் எனக்குக் காபி கொடுத்தார். எங்கள் துறையில் அது நல்ல சகுனம் இல்லை.

"நல்லா பேசுனம்மா. ஒன்ன மாதிரி தைரியமானவங்க சேதராப்பட்டுக்குத்தான் வேணும். தொழிற்பேட்டையில ரோட்டோரம் செடி ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"போறேன் சார். மழை முடியற வரைக்கும் டைம் குடுங்க. இந்த மரத்த நான்தான் பாக்கணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். மதாம் திரும்பி வருவார் என்பது அவருக்கும் நினைவிருந்தது. சம்மதித்தார்.

கல்லை எடுப்பது பதிப்பதைவிடக் கடினம். கடப்பாரை போட்டால் மிச்ச வேரும் போய்விடும். கையால் ஒவ்வொன்றாக நெம்பி, சிமென்டைச் சிறு சுத்தியலால் தட்டிப் பெயர்த்தோம். அடியில் வேர்கள் நசுங்கிய கயிறுபோலக் கிடந்தன. சில கறுத்து அழுகி, தொட்டால் தோல் கழன்றது. சில வெளுத்து, இன்னும் உயிரோடு. அழுகியதை மட்டும் வெட்டினேன். தென்னைநார்ப் பிரஷ்ஷால் அடிமரத்துச் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் தார்ப்பாய் விரித்துப் பிடித்தோம். கொக்கைப் பெயர்த்துக் கிணற்றைத் திறந்தோம். பங்களாவின் பின்கட்டில் கிடந்த சருகு, மக்கிய எரு, சுண்ணாம்பை முறிக்கக் கொஞ்சம் கந்தகத்தூள், எல்லாம் கலந்து கிளை பரந்த அகலத்துக்கு மேலாகப் பரப்பினோம். கொத்தவில்லை, கிளறவில்லை. அடிமரத்தைத் தொடாமல் ஒரு முழம் இடைவெளி விட்டேன், ஒட்டிப் போட்டால் பட்டை அழுகும். காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி இறக்கினோம். இலைக்கு இரும்புச்சத்துக் கரைசல் தெளித்தோம்.

கலியமூர்த்தி வேலைக்கு அஞ்சவில்லை. மாலையில் மட்டும் வாளியோடு வந்து நிற்பார்.

"ஒரே ஒரு வாளி மேடம். வஞ்சிரம் கழுவுன தண்ணி. வெல கூட மீனு."

"கொண்டுபோய் முருங்கைக்கு ஊத்துங்க."

பிறகு செய்ய ஒன்றுமில்லை. மரவேலையில் கஷ்டமான பகுதி அதுதான். தெய்வசிகாமணி தொலைபேசியில், "முன்னேற்றம் எத்தன சதவீதம்மா?" என்று கேட்பார். மரம் முன்னைவிட மோசமாகத்தான் தெரிந்தது. வெட்டிய பிறகு மொட்டையாக நின்றது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். வெட்டியிருந்தால் குழுவின் பெயரில் செத்திருக்கும், இப்போது என் பெயரில் சாகும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடையோடு போய் நின்று பார்ப்பேன். தண்ணீர் தேங்காமல் உள்ளே இறங்கியது. அது ஒன்றுதான் ஆறுதல். மழை ஓய்ந்தபின் ஒரு காலை, வெட்டிய கிளைக்குக் கீழே பழுப்பு ரோமத்தோடு ஒரு தளிர், கட்டைவிரல் நகம் அளவு. கலியமூர்த்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அதைவிட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "அழுவாதீங்க மேடம், யாராவது பாத்தா எதுனா ஆயிடுச்சோன்னு நெனச்சுப்பாங்க" என்றார்.

அந்த வாரமே சேதராப்பட்டுக்குப் போனேன். முற்றத்துச் சுவரில் 'மர மீட்புத் திட்டம்' என்று இன்னொரு கல்வெட்டு வைத்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கல் போட்டதற்கு ஒன்று, எடுத்ததற்கு ஒன்று. இரண்டிலும் தெய்வசிகாமணியின் பெயர்.

தொழிற்பேட்டையில் லாரி இடிக்காத செடியே இல்லை. கோடை வந்தது. ஒருநாள் மதியம் புழுதிக்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தொப்பியும் தடியுமாக மதாம் ரொசாலி இறங்கினார். சொன்னபடி வந்திருந்தார், யாருக்கும் தெரிவிக்காமல்.

"பூத்துருக்குடி! கலியமூர்த்தி சொன்னான், நீ இன்னும் பாக்கலயாமே?"

"லீவு கெடைக்கலங்க."

"லீவு என்னடி லீவு. ஆட்டோ நிக்குது, ஏறு."

ஏறினேன். பங்களா வாசலில் புது வாட்ச்மேன் மறித்தான். உள்ளே போகத் துணை இயக்குநரின் அனுமதி வேண்டுமாம். நான் யார் என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. மதாம் பிரெஞ்சில் அவனைத் திட்டினார். அவர் பிரெஞ்சு பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். ஒரு வார்த்தையும் விளங்காமல் அவன் சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தான்.

தாழ்ந்த கிளை ஒன்றில், என் முகத்துக்கு நேராக, ஒரே ஒரு பூ. முழுதாக விரிந்து, நடுவில் இளமஞ்சள் கூம்போடு. அந்த மணம் வந்து மோதியது. பக்கத்தில் இன்னும் சில மொட்டுகள். மதாம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் என்னை அறியாமல் கையை நீட்டினேன்.

"மேடம்! கவர்மென்ட் பூ அது. தொடக் கூடாது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான் வாட்ச்மேன்.

மக்னோலியாவின் இதழ் அப்படிப்பட்டது. விரல் பட்ட இடம் சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும். கையை இழுத்துக்கொண்டேன். என் பணிக்காலம் முழுவதிலும் அரசுத் தரப்பிலிருந்து எனக்கு வந்த உத்தரவுகளில், மரத்துக்கு நல்லது செய்தது அது ஒன்றுதான்.